வேகமான குவாட்டர்பேக்கை ரிசீவராக்கும் ஆறு வாரப் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியில் பாதி, வாங்குகிற காசுக்கு மேலேயே மதிப்புள்ளது. மீதிப் பாதி, ஏற்கெனவே நன்றாக ஓடத் தெரிந்த பையனிடம் பணம் வாங்கிக்கொண்டு அவனை மறுபடியும் ஓடவிடுகிற வேலை. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு சேர்த்தால் பணமும் வீணாகாது, பையனுக்கு இருக்கிற கொஞ்ச நேரமும் வீணாகாது.

என் அக்கா மகன் டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினான், குவாட்டர்பேக்காக, அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவனாக. கை சுமார், கால் அபாரம். பந்தை எறிவதைவிட பந்தைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடினதுதான் எதிரணிகளுக்குத் தலைவலி. கல்லூரி ஆட்டம் முடிந்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், என்.எஃப்.எல் என்கிற தொழில்முறை லீக் பக்கம் போக ஆசையிருந்தால் வைட் ரிசீவராக, அதாவது எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவனாக மாறு என்று. கணக்கு எளிது. 32 அணிகள், ஒவ்வொன்றிலும் ஆட்டத்தைத் தொடங்குகிற குவாட்டர்பேக் ஒருவன்தான். 53 பேர் கொண்ட அணிப் பட்டியலில் குவாட்டர்பேக்குக்கு இரண்டு மூன்று இடம், ரிசீவருக்கு ஐந்து ஆறு இடம். டாலஸுக்கு வடக்கே இருக்கிற ஒரு தனியார் பயிற்சி மையத்தில் இப்படி இடம் மாறுகிறவர்களுக்கென்றே ஆறு வாரப் பேக்கேஜ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்த்தோம். கட்டணம் 2,400 டாலர். மையத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் இந்த மாதிரி இடங்கள் பலவற்றுக்கும் பொருந்தும், அதனால் நீங்கள் எங்கே சேர்த்தாலும் இதைக் கேள்விப் பட்டியலாக எடுத்துக்கொண்டு போகலாம்.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே தலைமை கோச் ஒருவர் இருக்கிறார், தொழில்முறை லீக்கில் ரிசீவராகச் சில வருடம் ஆடியவர். முதல் நாள் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் அவன் சொல்லித்தான் தெரிந்தது, அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது உன் விருப்பமா, இல்லை மற்றவர்கள் உனக்காக முடிவு பண்ணினதா?" இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த வேலையாக இருந்தாலும் சரி, மைதானத்தில் இருக்க வேண்டும் என்று பதில் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இந்தக் கேள்விக்காகவே நான் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இந்த விளையாட்டில் "நீ ரிசீவராகிவிடு" என்கிற வார்த்தைக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. கறுப்பின குவாட்டர்பேக்குகள் பல காலம் தலைமைப் பொறுப்புக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, வேறு இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். மார்லின் பிரிஸ்கோ 1968-ல் டென்வர் பிராங்கோஸ் அணியில் புதுமுகமாக வந்து 14 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் புள்ளியாகிற எறிதல்) எறிந்தார், அடுத்த வருடமே அங்கே அவருக்குக் குவாட்டர்பேக் வாய்ப்பு இல்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவராக மாறி 1970-ல் ப்ரோ பௌல் என்கிற நட்சத்திர ஆட்டம் வரை போனார், 1972-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி அணியிலும் இருந்தார். மாறினது அவருடைய திறமைக்குச் சாட்சி, மாற வேண்டி வந்தது அநியாயம். வாரன் மூன் இடம் மாறச் சம்மதிக்காமல் 1978-ல் கனடாவுக்கே போய் ஆடினார், கடைசியில் குவாட்டர்பேக்காகவே ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கௌரவப் பட்டியலில் ஏறினார். லமார் ஜாக்சனையும் 2018 டிராஃப்டுக்கு (அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கிற நிகழ்ச்சி) முன்னால் ரிசீவராகப் பார்க்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் முடியவே முடியாது என்று நின்றார், 2019-ல் ஒருமனதாக எம்.வி.பி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அதனால் பையனிடம் கேட்காமல் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிற மையம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். முதல் வாரம் முழுக்க 40 கெஜ ஓட்டம். தொடக்க நிலை, கை வீச்சு, எலக்ட்ரானிக் டைமர், தினமும் வீடியோ. அந்த வீடியோக்கள் அவர்களுடைய பக்கத்தில் அழகாக ஏறுகின்றன, அடுத்த பெற்றோர் அதைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ப்ரோ டே (என்.எஃப்.எல் ஆட்கள் வந்து கல்லூரி ஆட்டக்காரர்களைச் சோதிக்கிற நாள்) நேரத்தில் அந்த நொடிக் கணக்கு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவன் இங்கே வந்ததற்குக் காரணமே அவன் வேகம்தான். பசியே இல்லாதவனுக்குச் சோறு போட்டால் எப்படி? மாட் ஜோன்ஸ் என்று ஒருவர், ஆர்கன்சாஸ் குவாட்டர்பேக், ஆறடி ஆறங்குல உயரம், 40 கெஜத்தை 4.37 நொடியில் ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து 2005-ல் ஜாக்சன்வில் அணி முதல் சுற்றிலேயே, 21-வது ஆளாக எடுத்து ரிசீவராக்கியது. நான்கு சீசன் ஆடியும் ஒரு சீசனில்கூட பந்து பிடித்து 1,000 கெஜத்தைத் தொடவில்லை. உயரமும் வேகமும் இருந்தால் போதும் என்றால் அவர்தான் இந்த மாற்றத்துக்கே உதாரணமாக இருந்திருக்க வேண்டும்.

ரிசீவருக்கு ஓட்டத்தைவிடக் கஷ்டமானது இரண்டு: கிளம்புவது, நிற்பது. இந்த மையத்தின் இரண்டாவது வாரத்திலிருந்து முக்கியமாக நடந்தது அந்த இரண்டுதான், என் பணம் எனக்குத் திரும்பி வந்ததாக நான் நினைப்பதும் அங்கேதான்.

கிளம்புவதை முதலில் சொல்கிறேன். குவாட்டர்பேக்கின் கால் பழக்கம் என்ன? பந்து கைக்கு வந்ததும் பின்னால் போவது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை அப்படிப் போன கால், ரிசீவர் இடத்தில் நின்றாலும் தன்னை அறியாமல் முதலில் ஒரு அரை அடி பின்னால் வைக்கும். நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எதிரே மூக்குக்கு நேரே நிற்கிற கார்னர்பேக்குக்கு, அதாவது ரிசீவரைத் தடுக்கிற எதிரணி ஆளுக்கு, அந்த அரை அடி போதும், நெஞ்சில் கையை வைத்து நிறுத்திவிடுவான். என்.எஃப்.எல்-இல் ஆட்டம் தொடங்குகிற கோட்டிலிருந்து முதல் ஐந்து கெஜத்துக்குள் அப்படித் தடுப்பது சட்டப்படி சரி, அதைத் தாண்டித் தொட்டால்தான் தப்பு. கோச் என்ன செய்தார் என்றால், இவனுடைய பின்னங்காலுக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் போட்டார். மிதித்தால் சடக்கென்று சத்தம் வரும். எடையை முன்னங்காலில் ஏற்றி, பின்னங்கால் பட்டையைத் தொடாமல் கிளம்ப வேண்டும். முதல் நாள் அந்தக் கூடம் முழுக்க சடக் சடக்கென்று ஒரே சத்தம். வாரக் கடைசியில் சத்தம் அபூர்வமாகிவிட்டது. பந்தே இல்லை, பத்து கெஜம்கூட ஓடவில்லை, வெறும் முதல் இரண்டு அடிக்கே இத்தனை நேரம். பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும், உள்ளே உட்கார்ந்திருந்த இன்னொரு அப்பா என்னிடம் இதற்கா காசு என்று கேட்டே விட்டார். இதற்குத்தான் காசு.

அதற்கு அப்புறம் உயிருள்ள ஒரு கார்னர்பேக்கை எதிரே நிறுத்தினார்கள். கல்லூரியில் ஆடி முடித்த ஒரு பையன், நல்ல முரடன். முதல் தடவை இவன் நெஞ்சில் அவன் வைத்த அடியில் இவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். குவாட்டர்பேக்குக்குப் பயிற்சியில் தனி நிற ஜெர்சி போட்டு, யாரும் தொடக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போதே மேலே கை விழுகிற அனுபவமே இவனுக்கு இல்லை. இங்கே கை சண்டை கற்றுக்கொடுத்தார்கள்: அவன் கை வருகிற பக்கம் எது என்று பார்த்து, மணிக்கட்டைத் தட்டிவிட்டு, தோளை ஒடுக்கி நழுவுவது. கால் ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டி, இடுப்பை மட்டும் நேராக வைத்திருப்பது.

நிற்பது இன்னும் நுணுக்கம். இந்த மையத்தை யாருக்காவது சிபாரிசு பண்ணுவேன் என்றால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பண்ணுவேன். பன்னிரண்டு கெஜம் முழு வேகத்தில் போய், சட்டென்று நின்று, எறிகிறவன் பக்கம் திரும்புகிற ரூட் (ரிசீவர் ஓட வேண்டிய பாதை) என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமானவனுக்கு இது கூடுதல் கஷ்டம், ஏனென்றால் அடக்க வேண்டிய வேகமும் அதிகம். இவன் நிற்கப்போகும்போதெல்லாம் உடம்பு நிமிர்ந்துகொண்டே வந்தது. குவாட்டர்பேக் நிமிர்ந்து நின்றுதானே முன்னால் இருக்கிற உயரமான ஆட்களைத் தாண்டி மைதானத்தைப் பார்ப்பான், அந்தப் பழக்கம். கோச் சொன்னார், "உன் நெஞ்சு மேலே வருகிறது, கார்னர்பேக் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், நீ நிற்கப்போகிறாய் என்று உனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது." பக்கவாட்டில் போனை வைத்து மெதுவாக ஓடுகிற வீடியோ எடுத்து, திரையில் அவன் தலை உயரத்துக்கு ஒரு கோடு போட்டுக் காட்டினார். நிற்கிற அந்த மூன்று அடியிலும் தலை கோட்டுக்கு மேலே போகக்கூடாது, இடுப்பு இறங்க வேண்டும், ஆனால் கை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரியே வீச வேண்டும். கை நின்றால் எதிராளி கண்டுபிடித்துவிடுவான். மூன்றாவது வாரத்து வீடியோவையும் ஐந்தாவது வாரத்து வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதலாவதில் தலை கோட்டைத் தாண்டிக் குதிக்கிறது, இரண்டாவதில் கோட்டுக்குக் கீழேயே வழுக்கிக்கொண்டு போகிறது. "மாமா, வேகமாக ஓடுகிறது சுலபம் மாமா, இதுதான் தொடையைப் பிடுங்குகிறது" என்றான் காரில் வரும்போது. மறுநாள் படி இறங்க முடியவில்லை அவனால்.

பந்து பிடிக்கிற பயிற்சியைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம். இரண்டு சக்கரம் சுழன்று பந்தை எறிகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரி எல்லா இடத்திலும் இருக்கும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர்ந்து, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர்ந்து, உடம்போடு அணைக்காமல் கையாலேயே பிடிப்பது என்பதெல்லாம் மெஷினில் நன்றாகப் பழகிவிடுகிறது. ஆனால் மெஷின் பந்து ஒரே இடத்துக்கு, ஒரே சுழற்சியில், ஒரே வேகத்தில் வருகிறது. மனிதன் எறிகிற பந்து அப்படி வருமா? போதாக்குறைக்கு, ஒரு நாளைக்கு இத்தனை பந்து பிடித்தான் என்று எண்ணிக்கை எழுதி நமக்கு அனுப்புகிறார்கள், பார்க்கப் பெருமையாக இருக்கிறது, நின்ற இடத்தில் பிடித்த பந்துக்கு அதற்கு மேல் மதிப்பில்லை. இவனுக்கு உண்மையில் தடுமாற்றம் கொடுத்தது தோளுக்கு மேலே பின்னாலிருந்து வருகிற பந்துதான். இத்தனை வருடம் ஆட்டம் முழுக்க அவன் கண்ணுக்கு முன்னால் நடந்தது, இப்போது முழு வேகத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, கடைசி நொடியில் தலையைத் திருப்பிப் பந்தைத் தேட வேண்டும். அதற்கு ஆள் எறிய வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் எறிகிற ஆள் வந்தார். இது பெரிய குறை.

ஒரு சின்ன விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. கல்லூரி ஆட்டத்தில் எல்லைக் கோட்டுக்குள் ஒரு கால் பட்டாலே பிடித்த பந்து செல்லும், என்.எஃப்.எல்-இல் இரண்டு காலும் பட வேண்டும். கல்லூரி ரிசீவர்கள் அந்த ஒற்றைக்கால் பழக்கத்தை விடப் படாத பாடு படுகிறார்கள். இவனுக்கு அந்தப் பழக்கமே இல்லை, அதனால் கோட்டு ஓரத்தில் இரண்டு பெருவிரலையும் இழுத்து வைப்பதை வகுப்பிலேயே முதலில் பிடித்துக்கொண்டவன் இவன்தான். புதிதாகக் கற்பதில் இப்படியும் ஒரு லாபம்.

வகுப்பறை நேரம்தான் ரொம்ப வீணானது. எதிரணி எந்த வகைத் தடுப்பில் நிற்கிறது, பின்னால் காவலுக்கு ஒருவனா இருவனா என்றெல்லாம் வெள்ளைப் பலகையில் வரைந்து எல்லோருக்கும் ஒரே பாடம். குவாட்டர்பேக்காக இருந்தவனுக்கு இது ஏற்கெனவே மனப்பாடம், பாதி நேரம் இவனே பக்கத்தில் இருக்கிற ரிசீவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இந்த அறிவுதான் இடம் மாறுகிறவனின் சொத்து. எதிராளி நிற்கிற விதத்தைப் பார்த்து ஓடும்போதே ரூட்டை மாற்றுகிற இடங்களில், எறிகிறவன் என்ன நினைக்கிறான் என்பது இவனுக்குச் சொல்லாமலே தெரியும். ஜூலியன் எடல்மன் கென்ட் ஸ்டேட் கல்லூரி குவாட்டர்பேக், 2009-ல் ஏழாவது சுற்றில் 232-வது ஆளாகத்தான் பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த அணியின் குவாட்டர்பேக் டாம் பிரேடியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தே புரிந்துகொண்டு ஆடினதை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த அறிவை ஓட்டத்தோடு சேர்க்கிற பயிற்சியை மைதானத்தில் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், உட்கார வைத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னார்கள்.

எடல்மனைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அவர் பிடித்த பந்துகள் 2010-ல் 7, 2011-ல் 4, 2012-ல் 21. அந்த நாட்களில் அவரைத் தடுப்பு ஆட்டக்காரராகக்கூட நிறுத்தினார்கள், பண்ட் பந்துகளை (எதிரணி காலால் உதைத்து அனுப்புகிறவை) பிடித்து எடுத்து ஓடினார், அப்படித்தான் அணியில் ஒட்டிக்கொண்டிருந்தார். 2013-ல்தான் 105 பந்து பிடித்து 1,000 கெஜத்தைத் தாண்டினார், 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் எம்.வி.பி. டெரெல் ப்ரையர் 2011-ல் ரெய்டர்ஸ் அணிக்குக் குவாட்டர்பேக்காக வந்தவர், ரிசீவராக 1,007 கெஜம் எடுத்தது 2016-ல், கிளீவ்லாந்தில். கிரெக் வார்ட் ஹூஸ்டன் பல்கலைக் குவாட்டர்பேக், யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை, ஈகிள்ஸ் அணி பல தடவை வெளியே அனுப்பித் திரும்பக் கூப்பிட்டது, 2020-ல் அந்த அணியிலேயே அதிகப் பந்து பிடித்தவர் அவர்தான், 53. எல்லோருக்கும் அப்படி அமைவதும் இல்லை. பிராக்ஸ்டன் மில்லர் ஒஹையோ ஸ்டேட்டில் கடைசி வருடமே ரிசீவராக மாறிப் பழகிவிட்டு வந்தவர், 2016-ல் மூன்றாவது சுற்றிலேயே ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி எடுத்தது, இரண்டு சீசனில் 34 பந்தோடு நின்றுவிட்டது. ஆறு வாரத்தில் ரிசீவராக்கித் தருகிறோம் என்று விளம்பரத்தில் எழுதுவது நியாயமே இல்லை. ஆறு வாரத்தில் கிடைப்பது தொடக்கம் மட்டும், அதை அவர்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இந்தப் பேக்கேஜில் சுத்தமாக இல்லாத இரண்டு விஷயங்கள் என்னை ரொம்ப வருத்தப்படுத்துகின்றன. ஒன்று, பிளாக் செய்வது. பந்து தன்னிடம் வராத ஆட்டங்களில் ரிசீவர் எதிராளியை மறித்து நிற்க வேண்டும், அதற்கு மறுக்கிறவனுக்கு எந்தக் கோச்சும் இடம் கொடுக்க மாட்டார். இன்னொன்று ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது கிக், பண்ட் ஆட்டங்கள். ஐந்தாவது ஆறாவது ரிசீவருக்குச் சம்பளமே அதற்குத்தான். ஜோஷ் கிரிப்ஸ், அவரும் கென்ட் ஸ்டேட் குவாட்டர்பேக்தான், 2005-ல் யாரும் டிராஃப்டில் எடுக்காமல் கிளீவ்லாந்துக்கு வந்து, கிக்ஆஃப் பந்தை எடுத்து ஓடி 8 டச்டவுன் போட்டவர். அந்த வழியாக உள்ளே நுழையக்கூடிய பையனுக்கு, வானத்திலிருந்து இறங்குகிற பண்ட் பந்தை எப்படிப் பிடிப்பது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தரவில்லை. கேட்டதற்கு, அது தனிப் பேக்கேஜ், தனிக் கட்டணம் என்றார் வரவேற்பில் இருந்த பெண். கோச்சிடம் நேரில் சொன்னபோது அவர் வாதாடவில்லை, கடைசி வாரத்தில் இரண்டு மணி நேரம் தானாக எடுத்துச் சொல்லிக்கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால் கேட்டவனுக்கு மட்டும் கிடைப்பது சேவை ஆகாது.

எறிகிற கையை மறந்துவிடாதே என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடித்தது. இந்தியானா பல்கலைக் குவாட்டர்பேக்காக இருந்து பிட்ஸ்பர்க் அணியில் ரிசீவரான ஆன்ட்வான் ராண்டல் எல், 2006 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஓடிக்கொண்டே 43 கெஜம் எறிந்து ஹைன்ஸ் வார்டுக்கு டச்டவுன் கொடுத்தார். பிடித்த வார்டும் கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடியவர். வாரத்தில் கொஞ்ச நேரம் இவன் மற்ற ரிசீவர்களுக்கு எறிந்தான், அதில் மையத்துக்கும் லாபம், எறிகிற ஆள் செலவு மிச்சம், இருந்தாலும் இவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன் என்பதால் நான் அதற்குக் குறை சொல்லவில்லை.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: முழுப் பேக்கேஜ் எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் தனி வகுப்பும் தருகிறார்கள், கொஞ்சம் பேசினால் கிளம்புவது, நிற்பது இரண்டை மட்டும் வாங்கலாம். எதிரே நிற்க உண்மையான கார்னர்பேக் வருவாரா, வாரத்தில் எத்தனை நாள், எறிய ஆள் உண்டா, பண்ட் பிடிக்கச் சொல்லித்தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்னர்பேக்கோடு ஆடுகிற நாளுக்கு எங்களிடம் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக 40 டாலர் வாங்கினார்கள், சேரும்போது அதைச் சொல்லவே இல்லை. கடைசி நாளில் வீடியோக்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் ஓட்டப் பந்தய வீடியோவை மட்டும்தான் அனுப்புகிறார்கள். தலைக்கு மேலே கோடு போட்ட அந்த வீடியோதான் ஒரு ஸ்கௌட்டுக்கு (அணிக்கு ஆள் தேடுகிறவருக்கு) காட்ட வேண்டியது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அந்த மூன்றரையும் தலைமை கோச்சுக்குத்தான், அவர் விடுப்பில் இருக்கிற வாரமாக இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள்.